கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஏன் இன்னும் மனசு ஆறவில்லை?

கேட்டவர் ஒரு அண்ணன். அவருடைய தங்கை தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். கொரோனா காலம் முழுக்க ஒதுங்காமல் வேலை பார்த்தவர். அந்தப் பேச்சு எடுத்தாலே "நாங்க யாரையும் ஒழுங்கா பார்த்துக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாராம். ஆலோசகர் பர்ன்அவுட் என்றார், அதாவது வேலைப் பளுவால் வரும் துவளல், நீண்ட விடுப்பும் எடுத்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. இது என்ன வியாதி, இத்தனை வருஷம் கழித்தும் ஏன் போகவில்லை, வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் தீவிர சிகிச்சை மருத்துவராக இருந்தவன், மருத்துவமனை நெறிமுறைக் குழுவிலும் உட்கார்ந்தவன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் தங்கை சொல்லும் அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். வேலைப் பளுவில் துவண்டவர்கள் "இனி என்னால முடியாது" என்பார்கள். தூக்கமும் ஓய்வும் கிடைத்தால் அவர்களில் பலர் மெல்ல மீண்டு வருவார்கள். தங்கையோ தன் களைப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நோயாளிகளுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம் என்பதுதான் இதில் கஷ்டமான விஷயம். விடுப்பு உதவாமல் போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வேலையில் இருக்கும்போது அடுத்த நோயாளி, அடுத்த ஊசி என்று கை ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் சும்மா உட்காரும்போது பழைய முகங்கள் ஒவ்வொன்றாக வரும்.

இதை ஆங்கில மருத்துவ உலகில் 'மோரல் டிஸ்ட்ரஸ்' என்பார்கள். இந்தப் பதிலில் அறத்துயரம் என்றே எழுதுகிறேன். ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1984-ல் செவிலியர் பணியின் நெறிமுறைகளைப் பற்றி எழுதும்போது இதை முதலில் வரையறுத்தார். இந்த நோயாளிக்கு எது சரி என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் நான் வேலை செய்யும் அமைப்பு என்னை அதைச் செய்யவிடவில்லை. அந்த நிலையில் மனசுக்குள் நடப்பதைத்தான் அவர் சொன்னார். செவிலியர்களிடம் இது முதலில் கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை. முடிவெடுப்பவர் வேறு, படுக்கைப் பக்கத்தில் நின்று அந்த முடிவைச் செய்து முடிப்பவர் வேறு. எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நோயாளியோடு இருப்பவருக்குத்தான் முடிவின் விலை தெரியும். பின்னால் வந்த ஆய்வுகள் மருத்துவர்களிடமும், மூச்சுச் சிகிச்சைப் பணியாளர்களிடமும், சமூகப் பணியாளர்களிடமும் இதையே கண்டன.

கொரோனா புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை எல்லா வார்டுகளிலும் ஒரே நேரத்தில், தினமும் நடக்கும்படி செய்துவிட்டது.

தொற்றுக் காலத்து அறத்துயரம் என்றால் வெளியில் இருப்பவர்கள் உடனே நினைப்பது, ஒரு வென்டிலேட்டர், இரண்டு நோயாளிகள், யாருக்குக் கொடுப்பது என்ற காட்சியைத்தான். அது நடந்தது. 2020 மார்ச் தொடக்கத்தில் இத்தாலியின் மயக்கவியல் மற்றும் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பதற்கு வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று எழுத்தில் வெளியிட்டது. வட இத்தாலியின் லொம்பார்தி பகுதி மருத்துவமனைகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த வாரம் அது. அதை எழுதியவர்களைப் பலர் திட்டினார்கள். என் பார்வையில் அவர்கள் செய்தது பொறுப்பான காரியம். எழுதாமல் விட்டிருந்தால் அதே தேர்வு நடக்காமல் போயிருக்காது. நடு இரவில், தூங்காத ஒரு இளம் மருத்துவர் தலையில் அது விழுந்திருக்கும்.

ஆனால் பெரும்பாலானவர்களின் துயரம் அந்தக் காட்சியிலிருந்து வந்ததில்லை. சின்னச் சின்னக் குறைகளிலிருந்து வந்தது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது பிரிட்டனில் வழக்கமான கணக்கு. நெருக்கடி முற்றியபோது, தீவிர சிகிச்சைப் பயிற்சி உள்ள ஒரு செவிலியர், மற்ற வார்டுகளிலிருந்து வந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆறு நோயாளிகள் வரை பார்க்கலாம் என்று அங்கே அனுமதித்தார்கள். காகிதத்தில் அது ஒரு விகிதம். வார்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று பார்க்க வேண்டும். நுரையீரல் இறுகிய நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்க ஐந்தாறு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும். அந்த ஐந்தாறு பேரும் இங்கே நிற்கும் நேரத்தில் மற்ற படுக்கைகளில் அலாரம் அடிக்கும். வாய் சுத்தம் செய்வது தள்ளிப்போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டியது நான்கு மணி நேரமாகும். முதுகில் புண் வரும். "வலிக்குது" என்று கண்ணால் சொன்னவருக்கு மருந்து ஏற்றப் போகும்போது அரை மணி நேரம் கடந்திருக்கும். இதில் ஒன்றுகூடச் செய்தியில் வராது. ஆனால் பயிற்சி பெற்ற ஒரு செவிலியருக்கு ஒவ்வொன்றும் தான் செய்யாமல் விட்ட வேலை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2021-ல் தன் மருத்துவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் நான்கில் மூன்று பேருக்கு மேல், அறத்துயரம் என்ற விவரிப்பு தங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது என்றார்கள். முக்கியக் காரணமாக அவர்கள் சொன்னது ஆள் போதாமை.

"ஒழுங்கா பார்த்துக்கல" என்று தங்கை சொல்லும்போது இப்படி ஒரு நூறு அரை மணி நேரங்களைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல், தனியாக விட்ட மரணங்கள். உலகம் முழுக்க மருத்துவமனைகள் பார்வையாளர்களை நிறுத்தின. தொற்று பரவக்கூடாது, கவச உடை போதாது என்று காரணம் இருந்தது. அதனால் கடைசி விடைபெறுதல் ஒரு டேப்லெட் திரையில், வீடியோ அழைப்பில் நடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றது பெரும்பாலும் செவிலியர்கள். இரண்டு அடுக்குக் கையுறை போட்ட விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது. முகக்கவசத்துக்கு மேல் போட்ட கண்ணாடிக் கவசம் மூச்சில் மங்கிப்போகும். அந்தப் பக்கம் ஒரு மகள் "அம்மா காதுகிட்ட வைங்க, கேட்கும்ல?" என்கிறாள். கேட்கும் என்று சொல்வதா, மயக்க மருந்தில் இருக்கிறார் என்று சொல்வதா? பெரும்பாலானோர் "பேசுங்க, கேட்கும்" என்றார்கள். சரியான பதிலும் அதுதான் என்பேன். மகள் பேசி முடிக்கும்வரை கையை அசைக்காமல் நிற்க வேண்டும், அதற்குள் பக்கத்துப் படுக்கையில் ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கொண்டிருக்கும். அழைப்பை நடுவில் நிறுத்தினாலும் தப்பு, நிறுத்தாவிட்டாலும் தப்பு. இப்படி ஒரே ஒரு அழைப்பை நினைவில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும்.

மருத்துவர்களையும் செவிலியர்களையும் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து "படுக்கை இல்லை" என்று தொலைபேசியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், பிணவறையில் உடலைப் பையில் மூடி முகம்கூடக் காட்டாமல் அனுப்பியவர், வார்டைத் துடைத்தவர் ஆகியோருக்கும் இதே துயரம் உண்டு. அவர்களிடம் யாரும் கேட்கக்கூட இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தங்கையின் மனசில் ஒரே மூட்டையாகக் கிடப்பதில் மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை எந்த ஆறுதலும் ஒட்டாது.

முதலாவது, அன்று யாருக்குமே தெரியாதது. ஒரு உதாரணம் சொல்கிறேன். டெக்ஸாமெத்தசோன் என்பது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மலிவான ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருக்கும் கொரோனா நோயாளிகளின் மரணத்தை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு 2020 ஜூன் 16 அன்று அறிவித்தது. அதற்கு முன்பு, ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே இருந்தது. அப்படியென்றால் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் அந்த மருந்து கிடைக்காமல் இறந்தவர்கள்? அலமாரியில் மருந்து இருந்தது, கொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் எப்போது போடுவது என்பதும் அப்படித்தான். தொடக்கத்தில் பல இடங்களில் சீக்கிரமே குழாய் போட்டார்கள். பிறகு அதிவேக ஆக்ஸிஜன் கொடுத்து, விழித்திருக்கும் நோயாளியையே குப்புறப் படுக்கச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று மாறியது. இன்று இருக்கும் அறிவை எடுத்துக்கொண்டு போய் அன்றைய இரவை அளப்பதால் வரும் வலி இது. நிஜமான வலிதான். ஆனால் இதில் குற்றம் செய்தவர் என்று ஒருவரும் இல்லை. ஜேமட்டனின் வரையறையில் எது சரி என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தெரியாமையால் வரும் துயரத்தையும் இதில் சேர்க்க வேண்டும் என்று பின்னால் பல நெறிமுறை அறிஞர்கள் வாதிட்டார்கள். கொரோனா அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதைக் காட்டியது.

இரண்டாவது, தெரிந்தும் எட்டாதது. ஆள் இல்லை, படுக்கை இல்லை, ஆக்ஸிஜன் இல்லை. எது செய்ய வேண்டும் என்று தெரியும், கையில் எதுவும் இல்லை. பேரிடர்க் காலத்தில் இதில் ஒரு பகுதியை யாராலும் தவிர்த்திருக்க முடியாது.

மூன்றாவதுதான் ஆழமாகத் தைப்பது. செய்திருக்க முடியும், செய்ய வேண்டாம் என்று யாரோ முடிவெடுத்தார்கள், அல்லது செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. வியட்நாம் போரில் இருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990-களில் இதைப் பார்த்தார். தன் நோயாளிகளை உடைத்தது பயம் மட்டும் இல்லை, உயிர் போகும் நேரத்தில் பொறுப்பில் இருந்தவர் எது நியாயமோ அதைக் கைவிட்டதும்தான் என்றார். இதை அறக்காயம் என்று சொல்லலாம். உளவியலாளர் பிரெட் லிட்ஸும் அவருடைய சகாக்களும் 2009-ல் இதை விரித்து, தன் மனசாட்சிக்கு எதிரானதைச் செய்தவருக்கும், தடுக்க முடியாமல் போனவருக்கும், பார்த்துக்கொண்டு நின்றவருக்கும்கூட இந்தக் காயம் வரும் என்றார்கள். தங்கை இந்த மூன்று இடத்திலும் நின்றிருக்கலாம்.

கொரோனாவில் இந்த மூன்றாவது வகை எங்கே வந்தது என்று கேட்டால், முகக்கவசத்தில் வந்தது. என்95 போதாமல் போனபோது, ஒருமுறை போட்டுக் கழற்ற வேண்டியதை நாள் கணக்கில் போட்டார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வேறு எதுவும் இல்லாத கடைசிக் கட்டத்தில் மருத்துவப் பணியாளர்கள் கழுத்துத் துணியையோ கைக்குட்டை போன்றதையோ முகத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று தன் வழிகாட்டுதலில் எழுதியது. இருப்பு இல்லை என்று நேராகச் சொல்லும் மேலதிகாரியைப் பணியாளர்கள் மன்னிப்பார்கள். இது போதும், பாதுகாப்பானது என்று சொல்பவரை மன்னிப்பது கடினம். 2020 ஜனவரிக்கும் 2021 மேக்கும் இடையில் உலகில் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரை சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த எண்ணிக்கையில் இருப்பவர்கள் யாரோ இல்லை, கூட டியூட்டி பார்த்தவர்கள். தனக்கு வந்தால் சரி, வீட்டில் குழந்தைக்கும் வயதான பெற்றோருக்கும் கொண்டுபோனால் என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் ஒவ்வொருவரும் வீட்டுக் கதவைத் திறந்தார்கள்.

வாயை மூடச் சொன்னதிலும் வந்தது. வூஹானில் கண் மருத்துவராக இருந்த லீ வென்லியாங், சார்ஸ் போன்ற மூச்சு நோய் ஒன்று பரவுகிறது, கவனமாக இருங்கள் என்று சக மருத்துவர்களுக்குச் செய்தி அனுப்பினார். 2020 ஜனவரி 3 அன்று போலீஸ் அவரை அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். அவருடைய பெயர் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆள் போதவில்லை, கவச உடை இல்லை என்று வெளியில் பேசியதற்காக எச்சரிக்கை வாங்கிய எத்தனையோ பேரின் பெயர் தெரியாது. பேசியிருந்தால் மாறியிருக்கும், பேசவிடவில்லை என்ற நினைப்பு மனிதரை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

இத்தனை வருஷம் கழித்தும் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். எலிசபெத் எப்ஸ்டைன், ஆன் ஹேம்ரிக் என்ற இரு செவிலியர் ஆய்வாளர்கள் 2009-ல், கொரோனாவுக்குப் பல வருஷம் முன்பே, இதை விளக்கினார்கள். ஒரு சம்பவம் முடிந்ததும் துயரம் இறங்கும், ஆனால் முழுவதும் இறங்காது. அடியில் ஒரு படிவு தங்கிவிடும். அடுத்த சம்பவம் அந்தப் படிவின் மேல் ஏறும், அது முடியும்போது படிவு இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். பாத்திரத்தின் அடியில் கசடு ஏறிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடப் பிடிக்காமல் போவது போலத்தான். அதனால்தான் சாதாரணமான ஒரு நாளில், ஒரு சின்ன ஆள் குறைவுக்கு, அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் அழுதுவிடுகிறார். பார்ப்பவர்களுக்கு இதற்குப் போய் இப்படியா என்று தோன்றும். அவர் இன்றைக்காக மட்டும் அழவில்லை.

தொற்றுக்குப் பின்னும் நீடிப்பது புதிதும் இல்லை. 2003-ல் சார்ஸ் என்ற தொற்று மூச்சு நோய் கனடாவின் டொரொன்டோ மருத்துவமனைகளைத் தாக்கியது. ஓரிரு வருஷம் கழித்து மனநல மருத்துவர் ராபர்ட் மாண்டரும் குழுவினரும், அங்கே வேலை பார்த்தவர்களையும், சார்ஸ் நோயாளிகளே வராத பக்கத்து நகரமான ஹாமில்டன் மருத்துவமனைப் பணியாளர்களையும் ஒப்பிட்டார்கள். டொரொன்டோவில் இருந்தவர்களிடம் சோர்வும் மன வேதனையும் தெளிவாக அதிகம். பலர் நோயாளிகளோடு நேரடியாகச் செலவிடும் நேரத்தையே குறைத்திருந்தார்கள். சார்ஸ் சில மாதங்களில் அடங்கிவிட்டது. கொரோனா அலை அலையாக வருஷக்கணக்கில் வந்தது.

இதற்கு நிர்வாகங்கள் கொடுத்த மருந்து என்ன? மன உறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, மூச்சுப் பயிற்சிக்கு ஒரு செயலி. இவற்றால் கெடுதல் இல்லை. தூக்கம் வராதவருக்கு மூச்சுப் பயிற்சி உதவும். ஆனால் ஆறு நோயாளிகளை ஒருவர் பார்த்ததால் வந்த துயரத்துக்கு, அந்த ஒருவரின் மனசை உறுதியாக்குவதுதான் தீர்வு என்று சொல்வது அநியாயம். உன் மனசாட்சி சரியாக வேலை செய்ததால் வந்த வலியை உன் பலவீனம் என்று சொல்வதற்கு அது சமம். கைதட்டலும் அப்படித்தான். ஜனங்கள் பால்கனியில் நின்று கைதட்டியது உண்மையான நன்றியோடுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீரர் என்று ஒருவரைக் கூப்பிட்ட பிறகு அவர் "எங்களுக்கு ஆள் வேண்டும்" என்று கேட்க முடிவதில்லை, "நான் ஒருவரைச் சரியாகப் பார்க்கவில்லை" என்று அழவும் முடிவதில்லை.

உண்மையில் உதவுவது என்ன என்பதைப் பற்றி ஓரளவு தெளிவு இருக்கிறது. யாருக்கு வென்டிலேட்டர் என்ற முடிவைச் சிகிச்சை கொடுப்பவரிடம் விடாமல் தனிக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்று 2020 மார்ச்சிலேயே மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். நோயாளியின் கையைப் பிடித்திருப்பவர் அவருக்காக வாதாடுபவராகவே இருக்கலாம், நீதிபதியாக மாற வேண்டியதில்லை. முடிவும் காரணமும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். இது வழக்குக்குப் பயந்து செய்கிற காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து மனசு குற்றம் சாட்டும்போது, அன்று எத்தனை படுக்கை இருந்தது, யார் யாரைக் கேட்டோம், ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்று எழுதிய காகிதம் ஒன்று இருந்தால் அது பெரிய துணை.

பேசுவதற்கு ஒரு இடமும் வேண்டும். பாஸ்டனில் 1990-களில் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் என்ற முறையில், மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர்வரை ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்தபோது தங்களுக்குள் என்ன நடந்தது என்று பேசுவார்கள். என்ன மருந்து கொடுத்திருக்கலாம் என்ற விவாதம் அங்கே கிடையாது. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனை இன்னும் ஒரு படி போய், அறத்துயரத்துக்கென்றே ஒரு ஆலோசனைச் சேவை வைத்தது. எந்தப் பணியாளரும் கூப்பிடலாம். வருபவர்கள் உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. எந்த விதி, எந்த ஆள் குறைவு, யாருடைய மௌனம் இதை உண்டாக்கியது என்று தேடி மேலே கொண்டுபோகிறார்கள். நான் பார்த்தவரை, இப்படிப்பட்ட கூட்டங்களில் நிர்வாகத்தில் இருப்பவர் ஒருவராவது வந்து உட்கார்ந்து "ஆமாம், அன்று நாங்கள் ஆள் தரவில்லை" என்று சொல்லும்போது அறையில் இருப்பவர்களின் முகமே மாறுகிறது. எந்தப் பயிற்சி வகுப்பும் அதைச் செய்ததில்லை.

உதவி கேட்பவருக்கு வேலை போய்விடக்கூடாது என்பதும் முக்கியம். நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் மருத்துவ உரிமத்துக்கு ஆபத்து என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அவர் பெயரிலேயே மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கான சட்டம் ஒன்று 2022 மார்ச்சில் அமெரிக்காவில் கையெழுத்தானது. உரிமப் படிவங்களில் பழைய மனநலச் சிகிச்சையைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை நீக்கச் சொல்லி அவருடைய குடும்பத்தார் தொடங்கிய அமைப்பு தொடர்ந்து போராடுகிறது.

இது வியாதியா என்ற கேள்விக்கு வருவோம். அறத்துயரம் தன்னளவில் மனநோய் இல்லை. ஆனால் அதன் கூடவே மனச்சோர்வும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாறும் வரலாம். 2020 தொடக்கத்தில் சீனாவில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் எடுத்த ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. தங்கைக்கு அதே காட்சி கனவிலோ விழிப்பிலோ திரும்பத் திரும்ப வந்தால், வாரக்கணக்கில் தூங்காவிட்டால், குடியோ தூக்க மாத்திரையோ பழக்கமாகியிருந்தால், எதிலுமே பிடிப்பில்லாமல் போனால், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அந்த மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லும்போது களைப்பு என்று மட்டும் சொல்லாமல், தங்கை சொல்லும் அந்த வாக்கியத்தையே சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "நீ என்ன பண்ண முடியும், விடு" என்று சொல்லாதீர்கள். அன்போடுதான் சொல்வீர்கள், தெரியும். ஆனால் அவர் காதில் அது "அந்த நோயாளி முக்கியம் இல்லை" என்று விழும். "நீங்க எல்லாம் தெய்வம்" என்பதும் வேண்டாம். அதற்குப் பதில் "யாரை நினைச்சு சொல்றே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு பெயரோ, ஒரு படுக்கை எண்ணோ வரும். பல நாள் கழித்தும் வரலாம். வந்தால் முழுவதும் கேளுங்கள், நடுவில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பிறகு ஒரு நாள், அவராகப் பேசும்போது, நான் மேலே பிரித்த மூன்றையும் மெதுவாக வைத்துப் பாருங்கள். அன்று அது யாருக்காவது தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால், உன் கையில் இருந்ததா? இல்லையென்றால், யார் கையில் இருந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது தங்கைக்குக் கோபம் வரலாம். வரட்டும். இத்தனை நாளும் தன் மேலேயே திருப்பி வைத்திருந்த கோபம் அது. ஒருவேளை, இதில் ஒரு சின்னப் பகுதி தன்னுடைய தவறுதான் என்று அவர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவசரமாக மறுக்காதீர்கள். தன் பங்கு எவ்வளவு என்று ஒருவர் அளந்து தெரிந்துகொண்டால், மீதியைக் கீழே வைப்பது சுலபமாகிறது.

வேலையை விடச் சொல்லலாமா? சொல்லாதீர்கள். கேளுங்கள். அறத்துயரத்தை அளக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் கேள்வித்தாள்களிலேயே, இதனால் வேலையை விட்டதுண்டா, விட நினைத்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்த அளவுக்கு இது வழக்கம். விடுவது தோல்வி இல்லை. ஆனால் வேலையை விட்டாலும் அந்தப் படிவு அவரோடு கூடவே போகும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். இடையில் வழிகள் இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வேறு பிரிவுக்கு மாறலாம், கற்பிக்கப் போகலாம், நோயாளியின் கடைசிக் காலத்தில் குடும்பத்தார் ஒருவராவது உள்ளே வரும்படி விதியை மாற்றும் குழுவில் சேரலாம். நான் பார்த்தவர்களில் சிலருக்குக் கொஞ்சமாவது தூக்கம் திரும்பியது இந்தக் கடைசி வகை வேலையில்தான். அன்று தடுக்க முடியாததை அடுத்தவருக்கு நடக்காமல் தடுப்பது அவர்களுக்கு மாத்திரையைவிட உதவியது. எல்லோருக்கும் அது ஒத்துவராது, பழைய இடத்துக்குள் காலடி வைக்கவே முடியாதவர்களும் உண்டு.

வேறு மருத்துவமனைக்குப் போவது என்று அவர் முடிவு செய்தால், சம்பளம் பேசும்போதே அங்கே வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரிடம் தனியாக மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். இரவு டியூட்டியில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், ஆள் குறைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அவர் போனை எடுக்கிறாரா.